பலகை மின்சாரம்

எத்திராஜ் தினமும் காலை எட்டே முக்காலுக்கு எண்ணூற்றுப் பன்னிரண்டு யூனிட் சூரிய மின்சாரம் தயாரிப்பார். அதற்கு அவருக்கு ஒரு நிமிஷம்கூட ஆகாது. வெயிலும் தேவையில்லை. ஒரு கம்ப்யூட்டர், ஒரு விரல், அவ்வளவுதான்.

சென்னீர்குப்பம் பக்கம் பெங்களூர் நெடுஞ்சாலையை ஒட்டியிருக்கும் தனியார் பல்கலைக்கழகம் அது. நிர்வாகக் கட்டட வரவேற்பறையில் ஆள் உயரத்துக்கு ஒரு மின்னணுப் பலகை உண்டு. 'இன்று நாம் உற்பத்தி செய்த பசுமை மின்சாரம்' என்று மேலே பச்சை எழுத்து. நடுவில் எண். கீழே, அதனால் எத்தனை மரங்கள் காப்பாற்றப்பட்டன என்ற தகவலைப் பலகை தானே கணக்குப் போட்டுக் காட்டும். அந்த மரங்கள் எங்கே நிற்கின்றன என்று யாரும் கேட்டதில்லை. வளாகத்தில் நின்றவற்றை வண்டி நிறுத்தும் இடத்துக்காக வெட்டியாகிவிட்டது.

மொட்டைமாடியில் சோலார் தகடுகள் இல்லாமல் இல்லை. நானூறு தகடுகள். மூன்று வருஷம் முன்பு ரிப்பன் வெட்டி, கேக் வெட்டி, பலூன் பறக்கவிட்டுத் திறந்தார்கள். அவை உண்மையாகவே ஓடின. அப்புறம் ஒரு டிசம்பர் புயல் மழையில் இடி இறங்கி, மாடியில் இருந்த பெரிய பிரேக்கர் கருகிப்போனது. நானூறு தகட்டு மின்சாரமும் கட்டடத்துக்குள் இறங்க வேண்டிய ஒரே வாசல் அந்தப் பிரேக்கர்தான். அன்றோடு எல்லாம் நின்றது.

வளாகத்து எலக்ட்ரீஷியனான எத்திராஜ் அன்றைக்கே எழுதிப்போட்டார். வளாகப் பராமரிப்பைப் பார்க்கும் எஸ்டேட் அலுவலகம், "மாடி என்பது கட்டடப் பிரிவு" என்று திருப்பியது. கட்டடப் பிரிவு, "கரண்ட் என்றால் மின்பிரிவு" என்று திருப்பியது. மின்பிரிவு, "இதை வாங்கியது காலநிலை மற்றும் எரிசக்திக் கொள்கை மையம், அவர்களைக் கேளுங்கள்" என்றது. மையத்தின் இயக்குநர் முனைவர் கிருஷ்ணப்பிரியா நல்ல பெண்மணி. எத்திராஜை நாற்காலியில் உட்காரச் சொல்லி, முழுக்கக் கேட்டுக்கொண்டு, வருத்தத்தோடு சொன்னார்: "நாங்க கொள்கை மட்டும்தான் பாக்கறோம், எத்திராஜ். பிரேக்கரெல்லாம் நடைமுறை."

பலகை மூன்று நாள் பூஜ்யம் காட்டியது. நான்காம் நாள் எஸ்டேட் அதிகாரி தசரதன் ஓடி வந்தார். "எத்திராஜு, வர்றவன் போறவன்லாம் பாக்கறான்யா. ஒரு நம்பர அடிச்சு உடு. பிரேக்கர் வர்ற வரிக்கும்தான்."

அப்படி ஆரம்பித்தது. பிரேக்கர் வரவில்லை. பதினாறு மாதம் ஆயிற்று.

எத்திராஜ் மனசாட்சி இல்லாத மனிதர் அல்ல. ஆரம்பத்தில் மேகமூட்டமான நாட்களில் ஐந்நூற்று நாற்பது என்று குறைத்து அடிப்பார். போகப்போக அதுவும் சலித்துவிட்டது. போன வருஷம் நவம்பரில், ஏரி உடையுமோ என்று கொரட்டூரே பயந்துகொண்டிருந்த அடைமழை நாளில், பழக்கதோஷத்தில் எண்ணூற்றுப் பன்னிரண்டையே அடித்துவிட்டார். எழுநூறு பேராசிரியர்கள் குடையை மடக்கிக்கொண்டு அந்தப் பலகையைக் கடந்துதான் போனார்கள். ஒருவர்கூட நிற்கவில்லை.

ஐம்பத்திரண்டு வயது அவருக்கு. கொரட்டூரை அடுத்த மேனாம்பேட்டில் பிறந்து மேனாம்பேட்டிலேயே வீடு கட்டியவர். அப்பா துலுக்கானம் பிறத்தியார் நிலத்தில் கூலிக்கு உழுதவர். நிலமெல்லாம் தொழிற்பேட்டையான பிறகு அதே இடத்தில் மூட்டை தூக்கினவர். மகனை அம்பத்தூர் ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் படிக்கவைத்தார். அதன் பலனாக எத்திராஜ் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஸ்விட்ச் பெட்டிகள் செய்யும் ஒரு கம்பெனியில் இருபத்திரண்டு வருஷம் இருந்தார். சோதனைப் பிரிவு. பெட்டி வெளியே போகுமுன் கரண்ட் கசிகிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுவது அவர் வேலை.

ஒரு தரம், கசிந்த பெட்டி ஒன்றுக்குக் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டார். வெளியே லாரி நிற்கிறது, மேனேஜர் கத்துகிறார், இவர் பேனாவைச் சட்டைப்பையில் சொருகிக்கொண்டு நின்றார். கடைசியில் பெட்டியைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே ஒரு கேபிள் தோல் உரிந்து கிடந்தது. இந்தக் கதையை எத்திராஜ் சொந்தத்தில் நடந்த எல்லாக் கல்யாணத்திலும் சொல்லியிருக்கிறார். பல்கலைக்கழகத்தில் சேர்ந்த பிறகும் சொன்னார். பலகையில் நம்பர் அடிக்கத் தொடங்கியபின் சொல்வதை நிறுத்திவிட்டார். ஏன் நிறுத்தினார் என்று அவரும் யோசிக்கவில்லை.

கம்பெனி மூடியபோது எல்லாருக்கும் விருப்ப ஓய்வு கொடுத்தார்கள். யாருடைய விருப்பம் என்று கடிதத்தில் போடவில்லை.

மனைவி விஜிக்கு அதே தொழிற்பேட்டையில் ஏற்றுமதித் துணிக் கம்பெனியில் வேலை. வாய் கொஞ்சம் கூர்மை. மேனாம்பேட்டில் மே மாதம் கரண்ட் போகும்போதெல்லாம் முந்தானையால் விசிறிக்கொண்டு ஆரம்பிப்பாள்.

"இந்தாய்யா, ஆபீஸ்ல தெனம் எண்ணூறு யூனிட்டு தயார் பண்றியே, ஊட்டுக்கு ஒரு ரெண்டு யூனிட்டு எடுத்தாரக் கூடாதா? டிபன் பாக்ஸ் காலியாத்தானே வருது."

எத்திராஜ் டிபன் பாக்ஸைக் கழுவப் போய்விடுவார்.

ஏப்ரல் கடைசியில் அந்தக் கருத்தரங்கு வந்தது. 'வெப்பமாகும் உலகில் எரிசக்திக் கொள்கை: அடித்தளத்திலிருந்து ஒரு பார்வை.' மூன்று நாள். அடித்தளத்திலிருந்து பார்ப்பதற்காக நாலு ஊர்களிலிருந்து விமானத்தில் ஆட்கள் வந்தார்கள். கலையரங்கத்தின் முகப்பு முழுக்கப் பச்சை விளக்கு போட்டார்கள். முப்பது விளக்குக்கு ஒரு தனி ஸ்விட்ச் பெட்டி, அதற்குள் ஒரு தொழிற்சாலையே ஓடுகிற அளவுக்கு ஒரு பிரேக்கர். மாடியில் கருகிப்போனதும் அதே கம்பெனி, அதே அளவு. எத்திராஜ் அதைப் பொருத்தும்போது ஒரு நிமிஷம் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இதை வாங்குவதற்கு எத்தனை நாள் ஆயிற்று என்று தசரதனைக் கேட்டார்.

"ஒரே நாளு. துணைவேந்தர் சொல்லிட்டாருல்ல" என்றார் தசரதன்.

முதல் நாள் காலை அமர்வு, 'குளிரூட்டியை இருபத்துநாலு டிகிரியில் வைக்கும் கலாச்சாரத்தை உருவாக்குவது எப்படி' என்பது பற்றி. பேச்சாளர் பேசிக்கொண்டிருக்கும்போதே கிருஷ்ணப்பிரியா மேடை ஓரமாக வந்து எத்திராஜைக் கூப்பிட்டார்.

"எத்திராஜ், ஹால் கொஞ்சம் புழுக்கமா இருக்கு. கோட்டு போட்டவங்கல்லாம் கஷ்டப்படறாங்க. கொஞ்சம் கம்மி பண்ணுங்களேன்."

"இருபத்திநாலுல கீது மேடம். அவரு அதத்தான் சொல்லிக்கினு கீறாரு."

"அது கொள்கை, எத்திராஜ்."

பதினெட்டில் வைத்தார். அரை மணியில், வரவேற்பில் போர்த்திய பொன்னாடைகளை எல்லாரும் மறுபடி எடுத்துப் போர்த்திக்கொண்டார்கள். அந்தப் பல்கலைக்கழகத்தில் பொன்னாடை ஒரு உபயோகத்துக்கு வந்தது அன்றுதான். பதினோரு மணிக்கு மின்சாரத்தின் சுமை தாங்காமல் மெயின் விழுந்தது. ஜெனரேட்டர் கறுப்புப் புகையோடு எழுந்தது. புகை நேராக, 'காற்றைக் காப்போம்' என்று பேனர் கட்டியிருந்த பதிவு மேசைப் பக்கம் போனது. பதிவு மேசையை இடம் மாற்றினார்கள்.

இரண்டாம் நாள்தான் ரோஷினி வந்தாள். நாற்பது வயதிருக்கும். டில்லியில் மின்சாரக் கட்டணம் நிர்ணயிக்கும் ஆட்களுக்கு ஆலோசனை சொல்கிறவள் என்று அழைப்பிதழில் இருந்தது. காரை விட்டு இறங்கி வரவேற்பறைக்குள் வந்தவள், பூங்கொத்தை வாங்கிக்கொண்டே பலகையைப் பார்த்தாள். கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். மறுபடி பலகையைப் பார்த்தாள்.

"இது நேத்து நம்பரா, இன்னிக்கு நம்பரா?"

"இன்னிக்குதான் மேடம். லைவ்" என்றார் தசரதன் பெருமையாக.

"மணி ஒன்பது இருபது. அதுக்குள்ள எண்ணூத்திப் பன்னெண்டு யூனிட்டா? உங்க ஊர்ல சூரியன் ராத்திரியே டூட்டிக்கு வந்துடுமா?"

பூங்கொத்து கொடுத்த மாணவிகள் சிரித்தார்கள். தசரதன் சிரிக்கவில்லை. பதினாறு மாதத்தில் முதல் முறையாக ஒருவர் அந்தப் பலகையை வாசித்திருக்கிறார் என்பது அவருக்கு உறைக்க ஒரு கணம் பிடித்தது. "அது... சிஸ்டம்ல ஒரு சின்ன... எத்திராஜு, சொல்லுய்யா மேடத்துக்கு" என்று திரும்பினார்.

"எந்த இன்வெர்ட்டர் போட்டிருக்கீங்க? அம்பது கிலோவாட்டா நாலா, இல்ல நூறா ரெண்டா?" என்று ரோஷினி நேராக எத்திராஜைக் கேட்டாள்.

அந்தக் கேள்வி எத்திராஜை என்னவோ செய்தது. அந்த வளாகத்தில் எரிசக்தியைப் பற்றி மணிக்கணக்காகப் பேச்சு கேட்டிருக்கிறார். நீதி, மாற்றம், நெகிழ்திறன் என்று என்னென்னவோ காதில் விழுந்திருக்கிறது. எந்த இன்வெர்ட்டர் என்று யாரும் கேட்டதில்லை.

"அம்பதா நாலு மேடம்" என்றார்.

"மாடிய பாக்கலாமா?"

"சாவி இல்ல மேடம், சாவி வச்சிருக்கறவரு லீவு" என்று தசரதன் குறுக்கே வந்தார். எத்திராஜின் இடுப்பில் சாவிக்கொத்து தொங்கிக்கொண்டிருந்தது. அதில் 'மாடி' என்று எழுதி ஒட்டியிருந்த சாவிதான் முன்னால் தெரிந்தது. மூன்று பேரும் அதையே பார்த்தார்கள்.

"வாங்க மேடம்" என்று எத்திராஜ் படியேறத் தொடங்கினார். துணிச்சல் என்று சொல்ல முடியாது. சாவியை இடுப்பில் வைத்துக்கொண்டு இல்லை என்று சொல்ல அவருக்குக் கூச்சமாக இருந்தது, அவ்வளவே.

மாடியில் தகடுகள் நெடுஞ்சாலைத் தூசியில் மண் நிறத்துக்கு வந்திருந்தன. முதல் இரண்டு வரிசையில் மட்டும் பழைய சேலையை விரித்து அதன்மேல் மோர்மிளகாய் காய்ந்துகொண்டிருந்தது. கேண்டீன் பார்வதம் அதைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தவள், கோட்டு போட்ட பெண்ணைப் பார்த்ததும் எழுந்து நின்றாள்.

"தகடு நல்லா சூடாவுதும்மா. ரெண்டே நாள்ல காஞ்சிடுது" என்று தானாகவே விளக்கம் சொன்னாள்.

பல்கலைக்கழகத்திலேயே சூரிய சக்தியை முழுசாகப் பயன்படுத்திய துறை கேண்டீன்தான். ரோஷினி ஒரு மிளகாயை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தாள். எத்திராஜ் பெட்டியைத் திறந்து கருகிய பிரேக்கரைக் காட்டினார். என்ன நடந்தது, எத்தனை தடவை எழுதினார், யார் யாருக்குத் திருப்பினார்கள், எல்லாம் சொன்னார்.

"தினமும் நம்பர் அடிக்கறது?"

"நான்தான் மேடம்."

"உங்களுக்கு ஒரு மாதிரி இல்லையா, அண்ணா?" என்றாள் அவள். குற்றம் சாட்டுகிற குரல் இல்லை. "தப்பா எடுத்துக்காதீங்க. நான் கொரட்டூர்ல வளந்தவ. எங்கப்பாவும் ஈ.பி.ல லைன்மேனா இருந்தவர்தான். அதனால கேக்கறேன்."

எத்திராஜ் பெட்டிக் கதவைப் பிடித்தபடி நின்றார்.

"மொத நாளு இருந்துச்சும்மா. ரெண்டாவது நாளும் இருந்துச்சு. அப்பால பழகிப்பூட்ச்சு. இப்ப நீ கேக்க சொல்லோதான்... பழகிப்பூட்ச்சேன்னு ஒரு மாதிரி கீது."

பேசி முடித்த பிறகுதான் ஒரு வி.ஐ.பி.யை 'நீ' என்று சொல்லிவிட்டது உறைத்தது. அவள் கவனித்ததாகத் தெரியவில்லை.

மதிய அமர்வு, 'நிறுவனங்களில் எரிசக்தி மாற்றத்துக்கான தடைகள்'. ரோஷினி தன் முறை வந்ததும், தான் கொண்டுவந்த படங்களைக் காட்டப்போவதில்லை என்றும், இந்த விஷயத்தில் தன்னைவிடத் தெரிந்தவர் ஒருவர் இந்த அறையிலேயே ஏசி ரிமோட்டோடு நிற்கிறார் என்றும் சொல்லி எத்திராஜை மேடைக்குக் கூப்பிட்டாள். எத்திராஜ் ரிமோட்டை எங்கே வைப்பது என்று தெரியாமல் அதையும் எடுத்துக்கொண்டே ஏறினார். மைக்குக்கு முன்னால் போய் நின்றார். நாளையிலிருந்து வேலை இல்லை என்று மனசுக்குள் முடிவு கட்டிவிட்டார். இனி பயந்து என்ன ஆகப்போகிறது என்று தோன்றியதும் பேச ஆரம்பித்தார்.

"மேல பிரேக்கர் எரிஞ்சிபூட்ச்சு. எழுதிக் குட்த்தேன். யாரும் வாங்கித் தரல. அதனால நானே தெனம் ஒரு பொய் நம்பர அடிச்சிக்கினு இருந்தேன். கீழ போர்டுல நீங்க பாக்கறதெல்லாம் பொய்யி. ஒரு யூனிட்டுகூட வரல. அவ்ளோதான்."

தமிழ் தெரியாத விருந்தினர்களுக்காகக் கிருஷ்ணப்பிரியா அதை ஆங்கிலத்தில் சொன்னார். எத்திராஜ் முக்கால் நிமிஷம் பேசியதற்கு அவர் நாலு நிமிஷம் எடுத்துக்கொண்டார். நிறுவனங்களின் கொள்முதல் அமைப்பில் உள்ள இடைவெளிகள், தரவுகளின் நம்பகத்தன்மை, கடைநிலை ஊழியரின் செயலூக்கம் என்று போயிற்று. பொய் என்ற சொல் அதில் எங்கேயும் வந்ததாகத் தெரியவில்லை.

அரங்கமே எழுந்து கைதட்டியது. எத்திராஜ் யாரோ உள்ளே வருகிறார்கள் என்று நினைத்து வாசலைத் திரும்பிப் பார்த்தார். அவருக்குத்தான். துணைவேந்தரே பொன்னாடை போர்த்தினார். "இப்படி ஒரு வெளிப்படைத்தன்மையை நாட்டில் வேறு எந்தப் பல்கலைக்கழகம் காட்டும்?" என்று கேட்டார். இன்னும் பெரிய கைதட்டல்.

வேலை போகும் என்று காத்திருந்தவருக்கு வந்தது குழு. 'கூரைச் சூரிய மின் அமைப்பின் செயல்படாமை குறித்த உயர்மட்ட ஆய்வுக் குழு.' ஒன்பது பேர். தலைவர் கிருஷ்ணப்பிரியா. ஒன்பதாவது பெயராக, 'கள உறுப்பினர்: திரு. எத்திராஜ்'.

"இன்னாய்யா, பெரிய ஆளாயிட்ட. குழுவுல இன்னா பண்ணுவீங்க?" என்று விஜி கேட்டாள்.

"பிரேக்கர் ஏன் எரிஞ்சிச்சுன்னு கண்டுபுடிக்கணுமாம்."

"இடி வுழுந்துச்சுன்னு நீதான சொன்ன?"

"அத அவங்க கண்டுபுடிக்கணும்ல."

மே மாதம் முதல் கூட்டம். அதைப் பிரேக்கர் என்று குறிப்பிடுவதா, பாதுகாப்புச் சாதனம் என்று குறிப்பிடுவதா என்று பேசினார்கள். முந்திரி பக்கோடா கொடுத்தார்கள். ஜூனில் இரண்டாவது கூட்டம். ஒருவர் வராததால் செல்லாது என்றார்கள், ஆனாலும் பக்கோடா உண்டு. ஜூலையில் மூன்றாவது கூட்டத்தில், குழு நேரில் மாடிக்குப் போய்ப் பார்ப்பது அவசியம் என்று ஏகமனதாக முடிவானது. மாடியில் வெயில் அதிகம் என்பதால் பயணத்தை டிசம்பருக்கு வைத்துக்கொண்டார்கள். ஒவ்வொரு கூட்டத்திலும் எத்திராஜ் கையைத் தூக்கினார். "அந்தப் பிரேக்கர வாங்கினா..." என்று தொடங்குவார். "தீர்வுக்கு இப்பவே போயிட வேணாம், எத்திராஜ். முதல்ல பிரச்சினைய சரியா வரையறுக்கணும்" என்பார் கிருஷ்ணப்பிரியா அன்போடு.

இதற்கிடையில் பலகை நிற்கவில்லை. குழு அறிக்கை வரும்வரை 'தற்போதைய நிலையே தொடரும்' என்று தசரதன் எழுத்திலேயே கொடுத்தார். ஆக, முன்பு வாய்மொழியாகச் சொன்னதற்காக அடித்த பொய்யை இப்போது எழுத்து உத்தரவின்படி அடித்தார் எத்திராஜ். அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. மேடையேறி எல்லார் முன்னாலும் ஒப்புக்கொண்ட பிறகும், மறுநாள் காலை எட்டே முக்காலுக்கு அதே விரல் அதே எண்ணை அடித்தது. மூன்றாவது கூட்டத்துக்குப் பிறகு சோறும் இறங்கவில்லை. விஜி இரண்டு நாள் பார்த்துவிட்டு மூன்றாம் நாள் கேட்டாள்.

"அந்தக் கருமம் எங்கியுமே கெடைக்காதா?"

"கெடைக்கும். கலையரங்கத்து முகப்பு லைட்டுக்கு ஒண்ணு மாட்டிக்கீறாங்க. கருத்தரங்குக்கு அப்பால அந்த லைட்ட போடறதே இல்ல. சும்மா கீது."

"அப்ப எடுத்து மாட்டு."

"பர்மிஷன் இல்லாம எப்பிடி?"

"பொய் அடிக்கறதுக்குப் பர்மிஷன் குட்த்துக்கீறாங்கல்ல. அந்தப் பேப்பர்லயே இதையும் சேத்துக்க."

ஜூலை மாதத்து மூன்றாவது ஞாயிறு, காலை ஆறு மணிக்கு மொபெட்டில் இருவரும் வந்து இறங்கினார்கள். காவலாளியிடம் டேங்க் கழுவ வந்ததாகச் சொன்னார் எத்திராஜ்; அந்த வளாகத்தில் அவர் சொன்ன கடைசிப் பொய் அது என்று வைத்துக்கொள்ளலாம். கலையரங்கத்துப் பெட்டியிலிருந்து பிரேக்கரைக் கழற்றி, துண்டில் சுற்றி, குழந்தையைத் தூக்குவதுபோல் மாடிக்குக் கொண்டுபோனார். பார்வதம் மிளகாயை அள்ளிக்கொண்டு, யாரும் கேட்காமலே துடைப்பத்தோடு வந்து சேர்ந்தாள். பெண்கள் இருவரும் குழாயைப் பிடித்துத் தகடுகளைக் கழுவத் தொடங்கினார்கள். ஒன்றரை வருஷத்து அழுக்கும் புறா எச்சமும் கரைந்து ஓடியது. வரிசை வரிசையாகக் கறுநீலம் வெளியே வந்தது.

எத்திராஜ் அவசரப்படவில்லை. பழைய கம்பெனிச் சோதனை முறைப்படி ஒவ்வொரு கேபிளாகக் கசிவு பார்த்தார். ஒரு கேபிள் சந்தேகமாக இருந்தது. வெட்டிப் புது முனை போட்டார். எல்லாம் முடிந்து விசையை மேலே தள்ளும்போது மணி பதினொன்றரை. முதலில் ஒன்றும் நடக்கவில்லை. விஜி நனைந்த புடவையோடு இடுப்பில் கைவைத்து நின்றாள். ஒரு நிமிஷம் கழித்து முதல் இன்வெர்ட்டரில் பச்சை விளக்கு வந்தது. பிறகு இரண்டாவது. நாலும் சேர்ந்து தேனீக்கள்போல மெல்ல ரீங்கரித்தன.

"இவ்ளோதானா?" என்றாள் விஜி.

"இவ்ளோதான்" என்றார் எத்திராஜ். முகத்தைத் தண்ணீரில் கழுவிக்கொண்டார்.

திங்கட்கிழமை காலை எட்டே முக்காலுக்கு மீட்டரைப் பார்த்து, அதில் இருந்ததை அடித்தார். நாற்பத்தொன்று. அன்று சாயங்காலம் எழுநூற்று அறுபத்தொன்பது. மறுநாள் மேகம், அறுநூற்றுச் சொச்சம். மூன்றாம் நாள் காலை தசரதன் மூச்சு வாங்க வந்தார்.

"இன்னாய்யா இது நாப்பத்தெட்டு? தரமதிப்பீட்டுக் குழு வர்ற நேரத்துல! பழைய நம்பர அடி."

"இது நெசம் சார். மேல ஓடிக்கினு கீது. காலைல இவ்ளோதான் வரும். மத்தியானம் ஏறும்."

"நெசமா இருந்தா இன்னா, கம்மியா கீதுல்ல!"

எத்திராஜ் நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தார். "நான் அடிக்க மாட்டேன் சார். நீங்க அடிச்சிக்கோங்க" என்றார். உரக்கச் சொல்லவில்லை. ஆனால் பேனாவைச் சட்டைப்பையில் சொருகிக்கொண்டுதான் சொன்னார்.

பலகை மக்கள் தொடர்புத் துறைக்கு மாற்றப்பட்டது. அவர்கள் தாராள மனசுக்காரர்கள். தொள்ளாயிரத்து ஐம்பது என்று வைத்தார்கள். ஆக, மாடியில் மின்சாரம் உண்மையாக ஓடியது, கீழே பொய் தன் பாட்டுக்கு ஓடியது, இரண்டும் ஒன்றையொன்று சந்திக்கவில்லை. மாடி ஓடத் தொடங்கிவிட்டதை எத்திராஜ் அடுத்த கூட்டத்திலேயே சொன்னார். அது நிகழ்ச்சிநிரலில் இல்லை என்று ஒத்திவைத்தார்கள். செயல்படாமையை ஆராயும் குழு, செயல்படும் அமைப்பின் கீழே ஏழு மாதம் உட்கார்ந்து ஆராய்ந்தது. டிசம்பருக்கு வைத்த மாடிப் பயணமும் மழையால் நடக்கவில்லை. நடுவில் ஒரு பன்னாட்டுச் சஞ்சிகையில் கிருஷ்ணப்பிரியாவின் கட்டுரை வந்தது. கடைசிப் பக்கத்து நன்றியுரையில் 'உள்ளூர்த் தொழில்நுட்பவியலாளர் ஒருவர்' என்று எத்திராஜும் இருந்தார். பிப்ரவரியில் அறிக்கை வந்தது. நூற்றுப் பதினான்கு பக்கம். பரிந்துரை: ஒரு பிரேக்கர் வாங்கலாம்.

வாங்கினார்கள். அது இன்னும் ஸ்டோர் அறையில் அட்டைப்பெட்டி பிரிக்காமல் இருக்கிறது.

அதற்குள், முகப்பு விளக்கு எரியாததைக் கவனித்த யாரோ புகார் எழுதி, எத்திராஜுக்கு விளக்கம் கேட்டு ஓலை வந்திருந்தது. கலையரங்கச் சொத்தை இடம் மாற்றியது ஏன் என்பது முதல் கேள்வி. 'உரிய அனுமதியின்றி மின்சாரம் உற்பத்தி செய்தது ஏன்' என்பது இரண்டாவது. எத்திராஜ் அதை வீட்டுக்குக் கொண்டுவந்து விஜியிடம் படித்துக் காட்டினார். விஜி அவரை இரண்டாவது கேள்வியை மட்டும் மூன்று தடவை படிக்கச்சொல்லிக் கேட்டுச் சிரித்தாள். பிறகு எத்திராஜ் நல்ல எழுத்தில் பதில் எழுதினார்: 'வெயில் அடித்தது. அதனால் உற்பத்தி செய்தேன். தவறென்றால் மன்னிக்கவும்.' நகல் எடுத்து வைத்துக்கொண்டார்.

வேலையை விட்டு எடுக்கவில்லை. மேடையில் பொன்னாடை போர்த்திய ஆளை எடுத்தால் பேச்சு வரும். விடுதிப் பம்பு அறைக்கு மாற்றினார்கள். மாடிச் சாவியைத் திருப்பி வாங்க எல்லாரும் மறந்துவிட்டார்கள், அல்லது அது எந்தத் துறையின் வேலை என்று இன்னும் தீர்மானிக்கவில்லை. சாப்பாட்டு நேரத்தில் மேலே போய் ஒரு பார்வை பார்த்துவிட்டு வருவார்.

மார்ச் மாதம் ஆவடியிலிருந்து ஒரு போன் வந்தது. ஒரு பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியை. பெயர் ஜெயப்பிரியா என்றாள். கொரட்டூர் ரோஷினி நம்பர் கொடுத்ததாகச் சொல்லிவிட்டுக் கொஞ்சம் தயங்கினாள். அவர்கள் பள்ளி மாடியிலும் சோலார் இருக்கிறதாம். இரண்டு வருஷமாக ஓடவில்லையாம். பிள்ளைகள் ஃபேன் இல்லாமல் மயங்கி விழுகிறார்களாம். "யாருக்கு எழுதணும்னே தெரியல சார்" என்றாள்.

"யாருக்கும் எழுதாதீங்கம்மா" என்றார் எத்திராஜ். "ஞாயித்துக்கெழம வரேன். ஏணி கீதா?"

"இருக்கு சார்."

"பெரிய குழா?"

"தோட்டத்துக் குழாய் இருக்கு."

"போதும்."

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் விஜி நின்றுகொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை என்ற வார்த்தை அவள் காதில் விழுந்திருந்தது.

"கறி எடுக்கணும், தம்பி பொண்ணு சீருக்குத் துணி எடுக்கணும்னு சொன்னேனே, மறந்துட்டியா?"

"ஆவடி மார்க்கெட்டுலயே எடுத்துக்கலாம். காலைல போயி பதினோரு மணிக்குள்ள முடிச்சிடலாம்."

"போன தபா நாலு நாளு முதுகு வலிச்சுது எனக்கு" என்று முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போனாள். எத்திராஜ் மொபெட்டில் காற்று இருக்கிறதா என்று டயரை அழுத்திப் பார்த்தார். உள்ளேயிருந்து விஜியின் குரல் வந்தது.

"அந்தப் பார்வதத்துக்கு ஒரு போன் போடுய்யா. அதுவும் வந்தா சீக்கிரம் முடியும்."